பூட்டுத் தொழிலாளியின் கை

திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் நெடுங்காலம் அரம் பிடித்த பங்குப் பெரியவர் ஒருவரை அண்மையில் சந்தித்தோம். வாரம் மும்முறை டயாலிசிஸ். "எடை குறையவில்லை, சாமி" என்றார் மனைவியார். ஆயினும் தம் வீட்டுச் சாவியைத் திருப்ப அவரால் இயலவில்லை!

எடை ஏமாற்றும், அன்பர்களே. உடலில் தேங்கிய நீர் தசை கரைவதை மறைத்துவிடும். ஆதலால் கைப்பிடி வலிமையைக் கருவியால் அளக்கின்றனர்; பிஸ்டுலா செய்த கையை விடுத்து மறுகையில். ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் தசை வலுவிழந்ததெனக் கொள்ளலாம் என ஆசிய வல்லுநர் குழு 2019இல் வரையறுத்தது. கருவி இல்லையேல், கையூன்றாது நாற்காலியினின்று ஐந்து முறை எழுந்தமர 12 வினாடியோ அதற்கு மேலோ ஆகிறதா எனப் பார்க்கலாம். (விழாதபடி அருகில் ஒருவர் நிற்கட்டும்.)

அவ்வீட்டில் பருப்பும் முட்டையும் நிறுத்தப்பட்டிருந்தன. டயாலிசிஸுக்கு முன்பு சொன்ன பத்தியமாம். டயாலிசிஸ் தொடங்கியபின் புரதத் தேவை கூடுகிறதே! உரிய அளவை மருத்துவரிடம் கேட்டறியுமாறு சொல்லி வந்தோம்.