வாட்டைப் பார்க்காதீங்க, வாட்-ஹவரைப் பாருங்க

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னையில எங்க தெருவுல கரண்ட் போச்சு. அப்பாவோட ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் 350 வாட் இழுக்கும். பெருமையா வாங்கி வெச்சிருந்த '500 வாட்' பவர் ஸ்டேஷன்ல மாட்டினேன். ஒண்ணேகால் மணி நேரம் கூட தாங்கலை. பழைய சிலிண்டர்தான் காப்பாத்துச்சு.

தப்பு என்னோடதுதான் மக்கா. எவ்வளவு இழுக்கலாம்னு சொல்றது வாட். எவ்வளவு நேரம்னு சொல்றது வாட்-ஹவர். பெட்டிக்குள்ள இருந்ததும் 500 வாட்-ஹவர்தான். அதுல 15 சதவீதத்தை இன்வெர்ட்டரே தின்னுடும். மிச்சம் 425.

என் கட்சி இதுதான்: 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, கூட ஒரு ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டர். மொத்தம் 1280 வாட்-ஹவர். அதே கணக்குல மூணு மணி நேரம் ஓடும். தூக்கினா இடுப்பு வலிக்கும். வலிக்கட்டுமே!