கழுத்துவலி என்ன, ஐடி கம்பெனிக்காரங்க சொத்தா?

"உங்களுக்கென்னங்க, காத்தாட வயல்ல வேலை. கழுத்துவலியெல்லாம் எங்களை மாதிரி கம்ப்யூட்டர் முன்னாடி குந்தியிருக்கவங்களுக்குத்தான்." லீவுக்கு ஊருக்கு வருகிற நண்பர்கள் தவறாமல் சொல்லும் வசனம் இது. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க ஊர் வாய்க்கால் கரையில் வந்து நில்லுங்க. சும்மாடு வச்சு, அதுமேல புல்லுக்கட்டு, வரிசையா பொம்பளைங்க வருவாங்க. கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து தினமும் இதே சுமை. அந்தக் கனம் கழுத்திலுள்ள 7 எலும்புகள் மேலயும், நடுவுல இருக்கிற வட்டுகள் மேலயும்தான் இறங்குது. வட்டு பிதுங்கினாலோ, எலும்போரம் முள்ளு மாதிரி வளர்ந்தாலோ, பக்கத்துல வெளிய வர்ற நரம்பு நசுங்கும். வலி கழுத்தோட நிக்காது. தோள்பட்டை வழியா கரண்ட் அடிச்ச மாதிரி விரல் வரைக்கும் ஓடும். கட்டைவிரல் மரத்துப்போனா பெரும்பாலும் ஆறாவது கழுத்து நரம்பு, நடுவிரல்னா ஏழாவது.

எங்க ஊர்ல இதுக்குப் பேரு வாயு, இல்லாட்டி சுளுக்கு. உடனே யாராவது தலையைப் பிடிச்சு 'படக்'குனு ஒரு திருப்பு. சலூன்ல ஆம்பளைங்களுக்கு அது இலவச இணைப்பு வேற! அதை வீடியோ எடுத்துப் போட்டா, 'பாரம்பரிய வைத்தியம்'னு நீங்க லைக் போடுறீங்க. கழுத்தெலும்பு வழியாத்தான் மூளைக்கு ரத்தக்குழாய் போகுது. அபூர்வமா அது கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க உண்டு. நசுங்கின நரம்பை முறுக்குறது எந்தப் பாரம்பரியம்?

இதுல ஒரு வேடிக்கை. இந்த வலி இருக்கிற பலருக்குக் கையைத் தூக்கி உச்சந்தலையில வச்சா, நரம்போட இழுப்பு தளர்ந்து வலி குறையும். டாக்டர்கள் இதையே ஒரு அடையாளமா பார்க்கிறாங்க. நம்ம வீட்டுல என்ன சொல்லுவோம்? "தலையில கைய வைக்காதடி, குடும்பத்துக்கு ஆகாது." காசில்லாம கிடைக்கிற ஒரே ஆறுதலுக்கும் தடை.

பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. வலி மாத்திரை, பிசியோதெரபி, சுமையைக் குறைக்கிறது, இதுலயே சில வாரத்துலயோ சில மாசத்துலயோ அடங்கிரும். ஸ்கேன்ல 'தேய்மானம்'னு எழுதியிருந்தா பதறவும் வேண்டாம். வலியே இல்லாத வயசானவங்க கழுத்துலயும் அது நிறைய இருக்கும்.

ஆனா 'சுமை தூக்காதீங்க'ன்னு சொல்லிட்டா போதுமா? மாடு பட்டினி கிடக்குமா? வரப்புல வண்டி போகாது, சரி. ரோட்டுக்கு வந்தப்புறம்? டீக்கடைக்குப் போக டிவிஎஸ் 50 எடுக்கிற மனுசன், அதுல புல்லுக்கட்டை ஏத்திட்டு வர வெக்கப்படுறான். அவன்கிட்ட பேச எந்த டாக்டரும் வரமாட்டார். மகன்கள்தான் பேசணும்.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது தைல டப்பாவை நீட்டிட்டு உக்காந்துடாதீங்க. அம்மா பூக்கட்டுறப்ப விரல் தடுமாறுதா, டம்ளர் கை நழுவுதா, நடை தள்ளாடுதா, ஒண்ணுக்கு அடக்க முடியலையான்னு பாருங்க, கேளுங்க. அதெல்லாம் தண்டுவடமே நசுங்குறதா இருக்கலாம். அப்போ தாமதிக்காம நரம்பியல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அறுப்பு முடியட்டும்னு அவங்க சொல்லுவாங்க. கேக்காதீங்க.