385 கிலோமீட்டர் – யார் போட்ட கணக்கு?



தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும். பள்ளிக்கூடத்திலேயே போட்ட கணக்குதான். அதைக் கனடாவின் வடகோடியில் ஒருமுறை போட்டுப் பார்ப்போமா?

நுனவுட் பிரதேசத்தின் ஆர்க்டிக் தீவுகளில் கிரீஸ் ஃபியோர்ட், ரெசொல்யூட் என்று இரண்டு ஊர்கள். 2021 கணக்கெடுப்பில் முதல் ஊரில் 144 பேர், அடுத்ததில் 183 பேர். நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸில் இதைவிடக் கூட்டம் நிற்கும்! இரண்டுக்கும் இடையே சுமார் 385 கிலோமீட்டர். ட்வின் ஆட்டர் என்ற சின்ன இரட்டை எஞ்சின் விமானம் மணிக்கு 270 கி.மீ. போகிறது என்று வையுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம்.

விடை சரி. மார்க்கும் விழும். ஆனால் அங்கே விமானம் தினமும் கிடையாது. கிரீஸ் ஃபியோர்டில் மலையடிவாரத்தில் குட்டையான ஒரு சரளைக்கல் ஓடுபாதை. காற்று வீசினாலும் மூடுபனி இறங்கினாலும் பயணம் ரத்து. நடுவில் கடலும் தீவுகளும், அதனால் ரோடு என்ற பேச்சே இல்லை. சரக்குக் கப்பல் வருவது கோடையில் மட்டும். பிரசவத்துக்குக்கூட பல வாரம் முன்னாடியே விமானம் ஏறி வெளியூர் போய்க் காத்திருக்கணும். பிரதேசத்தின் தலைநகரான இக்கலூயிட்டே சுமார் 1500 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஒன்றரை மணி நேரமாம்!

எங்க வீட்டுல அட்லஸைப் பிரிச்சுப் பார்த்த முதல் ஆள் நான்தான். அதனாலோ என்னவோ, மேப்பில் தனியாக இரண்டு புள்ளியைப் பார்த்தால், இங்கே எப்படி ஆள் வந்தாங்கன்னு கேட்கத் தோணுது. இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

1953லும் 1955லும் கனடா அரசாங்கம் இனுயிட் குடும்பங்களைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியது. பெரும்பாலோர் சுமார் 2000 கி.மீ. தெற்கே இருந்த இனுக்ஜுவாக் ஊர்க்காரர்கள். மாதக்கணக்கில் சூரியனே உதிக்காத குளிர்காலத்தை அதுவரை பார்த்தறியாதவர்கள். ரெசொல்யூட்டுக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயருக்கே ‘விடியாத இடம்’ என்று அர்த்தம். ஒன்றாக இருப்போம் என்று நம்பி வந்த சொந்தபந்தங்களை வழியிலேயே பிரித்து, வெவ்வேறு தீவுகளில் விட்டார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்ற வாக்குறுதியும் காற்றோடு போனது. வடக்கே நிலம் எங்களுடையது என்று உலகத்துக்குக் காட்ட எங்களைக் கொடிக்கம்பமாக நட்டார்கள் என்பது அந்த மக்களின் குற்றச்சாட்டு. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது 2010 ஆகஸ்டில்தான்.

ஆக, அந்த 385 கிலோமீட்டர் இயற்கை மட்டும் போட்ட தூரம் இல்லை. அண்ணன் தம்பிக்கு நடுவே ஒரு ஆபீஸ் மேஜையில் போட்ட கோடு.

“நூற்றுச் சொச்சம் பேருக்காக விமானம் விடுவது நஷ்டம்தானே?” என்று சிலர் கேட்பார்கள். லாப நஷ்டம் பார்ப்பவர்கள் 1953ல் கப்பல் விட்டபோது பார்த்திருக்கணும். கொண்டுபோய் வைத்தவன்தான் போக்குவரத்துச் செலவையும் ஏற்கணும் என்பது என் கட்சி. சொந்தக்காரன் வீட்டுச் சாவுக்குப் போக ஒருத்தர் டிக்கெட் விலையைப் பார்த்துத் தயங்கக் கூடாது. அந்த இரண்டு ஊருக்கும் நடுவே பறக்கிற சீட்டு நம்ம ஊர் டவுன் பஸ் டிக்கெட் விலையில் விற்றாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.