கட்டபொம்மன் குண்டானது ஏன்?

ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே இருக்கிறது காரங்காடு. அலையாத்திக் காடும் கடலும் சூழ்ந்த மீனவர் கிராமம். அங்கே ஆனாலும் சரி, சென்னை ஆனாலும் சரி, டெலிவிஷன் உள்ள வீடுகளில் ஒரு சின்ன வழக்கு உண்டு.

1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஓடுகிறது. திரையின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை. "பெரிய டி.வி. வாங்கியும் முழுப் படம் இல்லையா?" என்று பிள்ளை ரிமோட்டை அமுக்குகிறான். திரை நிரம்புகிறது. "ஐயோ, சிவாஜி முகம் பூசணிக்காய் ஆகிவிட்டதே!" என்கிறார் தாத்தா.

யார் சொல்வது சரி?

பழைய அளவு

1890-களில், அமெரிக்காவில் எடிசனின் கூடத்தில் சினிமாவுக்கு ஓர் அளவு பிறந்தது. அகலம் 4 பங்கு. உயரம் 3 பங்கு. பின்னால் வந்த டெலிவிஷனும் அதே அளவை எடுத்துக்கொண்டது.

சென்னையில் 1975 ஆகஸ்டு 15-ந் தேதி டெலிவிஷன் தொடங்கியபோதும் அதே அளவுதான். 2006 முதல் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குலப் பெட்டியும் அப்படித்தான்.

அகன்றது எப்படி?

டெலிவிஷன் வீட்டுக்கு வந்ததும் அமெரிக்கக் கொட்டகைகளில் கூட்டம் குறைந்தது. மக்களை இழுக்க, 1953-ல் சினிமாஸ்கோப் வந்தது. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'.

சினிமா ஒரு வடிவம், டெலிவிஷன் ஒரு வடிவம் என்று ஆனது. இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம்தான் இன்றைய டி.வி. அதன் அகலம் 16 பங்கு. உயரம் 9 பங்கு.

நஷ்டம் எதில்?

இந்தத் திரையில் பழைய படத்தை உள்ளபடி காட்டினால், கால் பங்கு இடம் கறுப்பாக நிற்கும். படம் முழுதாக இருக்கும்.

அகலத்தில் இழுத்தால், முகமும் உடலும் மூன்றில் ஒரு பங்கு பருக்கும்.

'ஜூம்' செய்தால் உருவம் கெடாது. ஆனால் மேலும் கீழுமாகப் படத்தில் கால் பங்கு வெட்டுப்படும். நாட்டியம் ஆடுபவரின் பாதம் தெரியாது!

அகலத் திரையில் மக்களுக்கு ஆசை இருப்பது உண்மையே. 1964-ல் வந்த 'கர்ணன்', 2012-ல் சினிமாஸ்கோப்பாக மறுபடி வெளியாகி நன்றாக ஓடியது. ஆனாலும், சட்டம் பெரியது என்பதற்காக யாரும் தாத்தாவின் போட்டோவை இழுத்து மாட்டுவது இல்லை.

புதிய வடிவம்

இப்போது மூன்றாவது வடிவமும் வந்துவிட்டது. காரங்காட்டில் படகேறி அலையாத்திக் காடு பார்க்க வருகிறவர்கள் செல்போனை நிமிர்த்திப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். அது டி.வி. திரையில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாது. போனைப் படுக்க வைத்துப் பிடித்தால், திரை நிறையக் கடல் தெரியும்.

என்ன செய்யலாம்?

ரிமோட்டில் படத்தின் அளவை மாற்ற வழி உண்டு. பழைய படத்துக்கு '4:3', புதியதற்கு '16:9' என்று வைத்தால் போதும். ஒளிபரப்பிலேயே இழுபட்டு வரும் பழைய படமும் '4:3' வைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.

கறுப்புப் பட்டையால் காசு நஷ்டம் இல்லை. தாத்தா அன்று கொட்டகையில் பார்த்த முகத்தைப் பேரனும் அப்படியே பார்க்கலாம். அதற்காகக் கால் பங்கு திரை சும்மா கிடந்தால் என்ன?