பழைய காருக்குப் புதிய பிரேக் தேவையா?

எங்கள் வீட்டில் 1998ஆம் வருடத்து மாருதி 800 ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புனேவுக்குக் குடிவந்த பிறகு நாங்கள் வாங்கிய முதல் கார். பதினைந்து வருடம் முடிந்ததும் விற்றுவிடலாம் என்றார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. மறுபதிவு செய்து, வரி கட்டி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்த இந்த வண்டியின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனாலும் நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் அதை ஓட்டுகிறவர்கள் பிள்ளைகள். பெரியவர்களுக்குப் புது வண்டி, கற்றுக்கொள்கிற பிள்ளைக்குப் பழைய வண்டி. "எங்காவது இடித்தாலும் பரவாயில்லை" என்பது நாம் சொல்லும் காரணம். அந்தக் காரணம் எவ்வளவு தவறானது என்பதைச் சென்ற மழைக்காலத்தில் தெரிந்துகொண்டேன்.

புதிதாக லைசென்ஸ் வாங்கிய என் மகள் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து சாத்தாராவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். காத்ரஜ் புதுச் சுரங்கப்பாதையைத் தாண்டினால் நவலே பாலம் வரை இறக்கம். 2022 நவம்பரில் ஒரு லாரி வரிசையாகப் பல வண்டிகளை மோதிய இடம் அது. பாதி இறக்கத்தில், "அம்மா, பிரேக் பஞ்சு மாதிரி இறங்குகிறது" என்றாள். விட்டுவிட்டு மூன்று முறை மிதித்த பிறகு பிடித்தது. கியரைக் குறைத்து, ஓரம் கட்டி நிறுத்தினோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவள் கை வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

அன்று இரவு வீட்டில் மாநாடு. கணவர் விற்கச் சொன்னார். இன்ஜினியரிங் படிக்கும் மகன் வேறு யோசனை சொன்னான். பெரிய டிஸ்க், பெரிய பூஸ்டர் வாங்கி மாட்டினால் வண்டி "சும்மா கும்மென்று நிற்கும்" என்றான். பழைய உதிரிபாகக் கடையில் விலை விசாரித்து, பதினெட்டாயிரம் ரூபாய்க்குக் கணக்கும் எழுதி வைத்திருந்தான்.

மறுநாள் மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றினார். பிரேக் ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தது. அதை எப்போது மாற்றினோம் என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. பின்சக்கரம் ஒன்றில் வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஷூ ஆயிலில் நனைந்திருந்தது. ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு. டயர்கள் எட்டு வருடத்துக்கு முந்தியவை; பட்டன் தேயவில்லை, ஆனால் ரப்பர் கட்டையாக இறுகிப்போயிருந்தது. "இதில் எதை அக்கா பெரிசு பண்ணப் போகிறீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். நியாயமான கேள்வி.

பிரேக் செய்யும் வேலை, ஓடுகிற வேகத்தை வெப்பமாக மாற்றுவது. நாற்பது கிலோமீட்டர் வேகம் எண்பதானால் அந்த வெப்பம் இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. இறக்கத்தில் விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். பிரேக் ஆயிலோ மழைக்கால உப்பு போல ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆயிலை அழுத்தினால் அமுங்காது; ஆவியை அழுத்தினால் அமுங்கிவிடும். காலுக்கடியில் பஞ்சு போல இறங்குவது இதனால்தான். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய டிஸ்க் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது வெப்பத்தை அதிகம் தாங்கும். திரும்பத் திரும்ப மிதித்தாலும் சோர்ந்துபோகாது. ஆனால் கடைசியில் வண்டியை நிறுத்துவது சாலையைத் தொடும் நான்கு டயர்கள்தான். இப்போதிருக்கும் பிரேக்கே சக்கரத்தைப் பூட்டிவிடும் அளவுக்குப் பிடிக்குமானால், அதற்குமேல் பிடித்து லாபமில்லை. மாருதியின் சக்கரம் 12 அங்குலம். அதற்குள் எவ்வளவு பெரிய டிஸ்க் வைத்துவிட முடியும்? இன்னொன்று, முன்பிரேக்குக்கும் பின்பிரேக்குக்கும் உள்ள பங்கு கம்பெனியில் கணக்குப் பார்த்து அமைத்தது. முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டியரிங் கேட்காது. பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டியே சுழன்றுவிடும். வேறு வண்டியின் பாகத்தைக் கொண்டுவந்து மாட்டுகிறவர் அந்தக் கணக்கையும் போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். மகனிடம் இதைக் கேட்டேன். "டிஸ்க் மட்டும்தானேம்மா மாத்தறோம்" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வீல் சிலிண்டர்கள், ஷூ, பேட், ஹோஸ், ஆயில், நான்கு புது டயர் எல்லாம் போட்டோம். மகன் போட்ட பதினெட்டாயிரத்துக்குள் முடிந்தது. இப்போது வண்டி, வாங்கிய நாளில் நின்றதுபோல் நிற்கிறது. பழைய காருக்குச் செய்யவேண்டிய முதல் முன்னேற்றம், அது இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான் என்பது என் கருத்து. அதற்குப் பிறகும் போதவில்லை என்றால், தெரிந்தவர் கையில் கொடுத்துப் பெரிசு செய்துகொள்ளலாம்.

ஒன்றை மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன செய்தாலும் இது புது வண்டி ஆகிவிடாது. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், திடீரென்று மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். எங்கள் மாருதியில் அது கிடையாது. அனுபவமில்லாத கால்தான் திடீரென்று மிதிக்கும். ஆக, அதிகப் பாதுகாப்பு யாருக்குத் தேவையோ அவருக்குக் குறைந்த பாதுகாப்புள்ள வண்டியைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதை யோசித்த பிறகு நாங்கள் ஏற்பாட்டை மாற்றிவிட்டோம். எக்ஸ்பிரஸ் சாலைக்கும் ஊர்ப் பயணத்துக்கும் மகள் புது வண்டியை எடுக்கிறாள். மாருதி எனக்கு. மார்க்கெட், கோவில், சங்கக் கூட்டம், அவ்வளவுதான்.

சீட் கவர், பாட்டுப் பெட்டி, டாஷ்போர்டில் பிள்ளையார் என்று வண்டிக்கு நாம் செய்யாத செலவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மட்டும் கை வராது. உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். டிகாஷன் நிறத்தில் இருந்தால், மாற்றாமல் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். இடித்தால் போவது வண்டி மட்டும்தான் என்று நமக்கு யார் உறுதி சொன்னது?