தொலைவும் காலமும்

விமானப் பயணம் பெருகிய இந்நாளில், “உலகம் சுருங்கிவிட்டது” என்று பலரும் கூறக் கேட்கிறோம். இக்கூற்று எவ்வளவு உண்மை என்பதை ஆராய்ந்து பார்த்தல் நலம்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ளது பெர்த் நகரம். அந்நகரின் விமான நிலையத்திற்கும் இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வழியில் எங்கும் இறங்காமல் இவ்விரண்டையும் இணைக்கும் விமானப் பயணம் தொடங்கியது. பெர்த்திலிருந்து புறப்பட்ட விமானம் ஏறத்தாழ 17 மணி நேரத்தில் இலண்டனை அடைந்தது. மாலையில் ஏறியவர் மறுநாள் விடியலில் இறங்கினார். இதனைக் காண்பவர் உலகம் சுருங்கியதாகவே எண்ணுவர்.

ஆனால், இந்த விரைவு எளிதில் கிடைத்ததன்று. 1919ஆம் ஆண்டில் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தார், பொறிவல்லார் இருவரைத் துணைக்கொண்டு, இலண்டனுக்கு அருகிலிருந்து ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகருக்குப் பறந்தனர். அதற்கு 28 நாள் ஆயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைப்பட்டமையால் இவ்வான்வழி அறுந்தது. ஆயினும் விமானிகள் சோர்ந்தாரில்லை. 1943 முதல் 1945 வரை, பெர்த்திலிருந்து இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலை ஏரிக்கு, நீரில் இறங்கும் விமானங்களைச் செலுத்தினர். இந்துமாக்கடலின்மேல் 5,600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியைக் கடக்க 27 முதல் 33 மணி நேரம் சென்றது. பகைவர் அறியாவண்ணம் வானொலிச் செய்தி அனுப்புவதையும் தவிர்த்து, விண்மீன்களைக் கொண்டே வழி கண்டனர். எரிபொருளின் சுமையால் பயணிகள் மூவருக்குமேல் ஏற இயலவில்லை. ஒரே பயணத்தில் கதிரவன் இருமுறை உதிப்பதை அவர்கள் கண்டனர். போர் முடிந்தபின், 1947இல் சிட்னியிலிருந்து இலண்டனுக்குத் தொடங்கிய பயணமும், இடையே ஆறு ஊர்களில் இறங்கி, நான்கு நாள் நீடித்தது.

இவற்றால் அறிவது யாது? தொலைவு ஓர் அடியேனும் குறையவில்லை, குறைந்தது காலமே. அதனைக் குறைத்தவை மனிதனின் அறிவும் துணிவும் உழைப்புமே ஆகும்.

அவ்வாறு ஈட்டிய காலமும் நிலையானதன்று. மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கடுங்காற்று வீசுகிறது. ஆதலால் இலண்டனுக்குச் செல்வதைவிட அங்கிருந்து பெர்த்துக்குத் திரும்புவது விரைவில் முடிகிறது. 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் மேற்காசியாவில் போரச்சம் மூண்டது. ஈரானின் வான்வெளியைத் தவிர்த்து விமானங்கள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. இலண்டன் நோக்கிச் சென்ற விமானம், எரிபொருள் போதாமையால், சிங்கப்பூரில் இறங்கிச் சென்றது. திரும்பிய விமானமோ காற்றின் துணையால் இடையே நில்லாமல் பெர்த்தை அடைந்தது. தொலைதூர நாடுகளின் பூசல், அதில் தொடர்பற்ற பயணிகளின் வழியையும் நீட்டிவிட்டதன்றோ?

ஆகவே, உலகம் சுருங்கிவிட்டது என்று செருக்குறுதல் பொருந்தாது. உலகம் என்றும் போலப் பரந்தே கிடக்கிறது. அதன் கோடிகளை இணைக்கும் வழியை அறிவு அமைத்தது. அவ்வழியை அடைபடாமல் காக்க வல்லது அமைதி ஒன்றே. விரைந்து செல்லும் ஊர்தியைப் படைத்த மனிதன், அது கடந்து செல்லும் நாடுகளிடையே நட்பையும் வளர்த்தல் வேண்டும். அப்பொழுதே தொலைவை வென்றோம் என்று கூற நாம் உரியவராவோம்.