கை கட்டப்பட்ட பிள்ளைகள்

 

"நான் பட்ட கஷ்டம் என் பிள்ளை படக்கூடாது." இண்டூரிலும் சுற்றுப்புறத்திலும் நம் சமுதாயத்துப் பெற்றோரிடம் நாம் அடிக்கடி கேட்கும் சொல் இது. கேட்பதற்குப் பாசமாக இருக்கிறது. இந்தச் சொல்லின் நிழலில் என்ன வளர்கிறது என்பதைத்தான் நாம் தினமும் மக்தபில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பன்னிரண்டு வயது மகனின் கிதாபுப் பையைத் தாய் சுமந்து வருகிறார். அவனுக்குச் செருப்பு வாரை மாட்டக் குனிகிறார் தந்தை. உளூச் செய்யும் இடத்தைக் கழுவிவிடச் சொன்னதற்காக, "ஓதத்தானே அனுப்பினோம், வேலை வாங்கவா?" என்று ஒரு தந்தை வாசலில் நின்று சத்தமிட்டார். அவருக்கு அன்று சொன்ன பதிலை இங்கு விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ள நம் இண்டூர் மானாவாரி நிலம் சூழ்ந்த ஊர். கேழ்வரகு, சாமை, நிலக்கடலை, கொள்ளு எல்லாம் மழையை நம்பி விளைந்தவை. கிணறு இருந்தவர்கள், மின்மோட்டார் வருவதற்கு முன், கவலை கட்டி இறைத்தார்கள். இரண்டு எருதுகள் சரிவில் இறங்க, தோல் சாலில் நீர் மேலேறி வாய்க்காலில் கொட்டும். பெரியவர் எருது ஓட்டுவார். வயலில் மடை திருப்பியவன் பத்து வயதுச் சிறுவன். ஒரு பாத்தி நிறைந்ததும் மண்ணை வெட்டி அதை அடைத்து, அடுத்ததைத் திறக்க வேண்டும். சற்று அயர்ந்தால் வரப்பு உடையும். எருதுகளின் உழைப்பு மண்ணில் போகும். அந்தச் சிறுவனுக்கு யாரும் பொறுப்பைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. தன் கவனக்குறைவால் யாருக்கு நட்டம் என்பதை அவன் கண்ணால் கண்டான். புளி உலுக்கும் பருவத்தில் வீட்டுத் திண்ணையில் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் அமர்ந்து ஓடு நீக்கிக் கொட்டை எடுத்தார்கள். களத்தில் கடலை காய்ந்தால் மழைமேகத்தைப் பார்த்து முதலில் குரல் கொடுத்ததும் பிள்ளைகள்தாம்.

அக்காலத்தைச் சுவர்க்கமாகக் காட்ட நாம் வரவில்லை. ஆடு மேய்க்க ஆளில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அந்த அநியாயம் திரும்ப வரக்கூடாது. ஆனால் கஷ்டம் வேறு, வேலை வேறு. பசியும் கடனும் கஷ்டம். தன் தட்டைத் தானே கழுவுவது கஷ்டமா? 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தமும் பதினான்கு வயதுக்குட்பட்டோரைக் கூலிவேலையில் அமர்த்துவதைத்தான் தடுக்கிறது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத வேலைகளில் குடும்பத்துக்கு உதவுவதை அது தடுக்கவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது? நபிமார்கள் அனைவரும் ஆடு மேய்த்தவர்கள் என்றும், தாமும் மக்காவாசிகளுக்காகக் கூலிக்கு மேய்த்ததாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. தாவூத் (அலை) அரசராக இருந்தும் தம் கை உழைப்பில் உண்டார்கள். அனஸ் (ரலி) பத்து வயதில் நபியவர்களிடம் பணிவிடைக்கு வந்து பத்தாண்டுகள் இருந்தார்கள். அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நபியவர்கள் தம்மிடம் "சீ" என்று சொன்னதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். வேலை வாங்கும் முறையும் இதில் அடங்கியிருக்கிறது. அடித்தும் ஏசியும் வாங்கும் வேலையை நாம் ஆதரிக்கவில்லை.

ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொல்கிறது ஷரீஅத். பருவமடைந்த நாளிலிருந்து அவன் தொழுகைக்கு அவனே பொறுப்பு. தாய் பதில் சொல்ல முடியாது, தந்தை களாச் செய்ய முடியாது. அத்தகைய பொறுப்பைச் சுமக்கப்போகிறவனை, பதினைந்து வயதிலும் ஃபஜ்ருக்குத் தானே எழத் தெரியாதவனாக வளர்த்துவிட்டு, "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்கிறோம். இது தவக்குல் அல்ல. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டச் சொன்னார்கள் நபியவர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், பலருக்குக் கசக்கும். வேலையே செய்யாத பிள்ளைகள் என்று நாம் பேசுவது பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான். அதே வீட்டில் தங்கை பாத்திரம் கழுவுகிறாள், அண்ணன் குடித்த குவளையையும் சேர்த்து. வீட்டில் தம் மனைவியருக்கு ஒத்தாசையாக இருந்தவர்கள், தம் செருப்பைத் தாமே தைத்தவர்கள் நம் நபியவர்கள். "ஆம்பளைப் பிள்ளைக்கு இந்த வேலை எதற்கு?" என்று கேட்கும் தாய்மார்கள் இந்த ஸுன்னத்தை எந்தக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்? அந்தப் பிள்ளை நாளை பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பிழைக்கப் போகிறான். ஒரு பிடி சோறு பொங்கத் தெரியாமல் கூலியில் பாதியை ஓட்டலில் கொடுப்பான்.

நிலம் விற்றுப்போனவர்களும் இன்று நம்மில் உண்டு. வயலில்லாத வீட்டிலும் தண்ணீர்க் குடம் இருக்கிறது, துடைப்பம் இருக்கிறது, கடைக்குப் போய்க் கணக்குப் பார்த்து மீதிக் காசு வாங்கிவரும் வேலை இருக்கிறது. அவற்றில் ஒன்றை, இந்த வாரமே, மகனிடம் கொடுங்கள். முதல் நாள் குடம் சிந்தும். சிந்தட்டும், துடைப்பதும் அவன் வேலையே.

மக்தபில் பாய் விரிப்பது, செருப்புகளை அடுக்குவது, உளூச் செய்யும் இடத்தைக் கழுவுவது மூன்றும் மாணவர்களின் முறைவேலையாகத் தொடரும். ஆண் பிள்ளைகளுக்கே முதல் முறை. ஆட்சேபம் உள்ள பெற்றோர்கள் அஸருக்குப் பின் வரலாம், நாங்கள் அங்கேதான் இருப்போம்.